நாலரை அடி ஆரம்

மும்பைச் செம்பூரில் இன்னும் டவராக மாறாமல் மிச்சமிருக்கிற மூன்று மாடிக் கட்டடங்களில், சொசைட்டிக்கு ஒரு நாய் மாமா வீதம் உண்டு. தரைத்தளத்து வீடு, ஓதமேறிய சுவர், ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டு சிமெண்டுத் தரை, அதில் கட்டிப்போட்ட ஓர் அல்சேஷன். இவ்வளவும் இருந்தால் உள்ளே மாமா இருக்கிறார் என்று நம்பிப் போகலாம்.

எங்கள் கட்டடத்து மாமா பன்மொழிப் புலவர். பால்காரரிடம் இந்தி, காய்கறிக்காரியிடம் மராத்தி, மாமியிடம் பாலக்காட்டுத் தமிழ், நாயிடம் மட்டும் ஆங்கிலம். "டைகர், சிட்! நோ! குட் பாய்!" டைகர் எந்தக் கான்வென்ட்டிலும் படித்ததில்லை. கோபம் வந்தால்தான் "சும்மா கெட சனியனே" என்று தாய்மொழி வரும். டைகர் கீழ்ப்படிவதும் அப்போதுதான். வாசலில் தயங்குகிறவர்களிடம் "ஒண்ணும் பண்ணமாட்டான், வாங்கோ" என்பார். சொல்லும்போதே இரண்டு கையாலும் சங்கிலியை இழுத்துப் பிடித்திருப்பார்.

அந்தச் சங்கிலி நாலரை அடி. ஜன்னல் கம்பியில் ஒரு முனை. ஏழு வருஷம் தரையில் உரசி உரசி, பாசி படிந்த சிமெண்டில் ஓர் அரைவட்டம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. காம்பஸ் வைத்து வரைந்தாற்போல ஒரு கோடு. துளசி மாடம் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே. மாமாவின் செருப்பு ஒன்றரைச் சாண் வெளியே. எதுவும் தற்செயல் இல்லை. மனிதர் ஆடிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

மூன்றாம் மாடிப் பெண் சட்டம் படிக்கிறாள். தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறவள். ஒருநாள் இறங்கி வந்து, "அங்கிள், இது சட்டப்படி குற்றம்" என்றாள். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு. நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் மிருகத்தை ரொம்ப நேரம் கட்டிவைக்கக் கூடாது. எப்போதும் கட்டியே கிடக்கிற நாயைச் சொந்தக்காரர் நடக்க, ஓட விட்டாக வேண்டும். பிரிண்ட் அவுட்டையும் நீட்டினாள்.

அங்கேதான் தப்பு செய்தாள். ஓய்வுபெற்ற ஆடிட்டரிடம் சட்டத்தைக் கொடுப்பது, பேரனைக் கையில் கொடுப்பது மாதிரி. வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நியாயமில்லாத நீளம்னு இருக்கு. எத்தனை அடி நியாயம்? போடலையே! என் பையன் டல்லாஸ்ல இருக்கான். 2022-லேர்ந்து அங்கே சட்டம் போட்டிருக்கான் பாரு: பத்தடி, இல்லேன்னா நாயோட நீளத்தைப் போல அஞ்சு மடங்கு, எது ஜாஸ்தியோ அது. அதுன்னா சட்டம்!"

"அப்ப பத்தடி விடுங்களேன் அங்கிள்."

"நாம டெக்சாஸ்லயா இருக்கோம்?"

அபராதப் பகுதிக்கு வந்ததும் முகம் இன்னும் மலர்ந்தது. முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. மாட்டுங்காவில் இன்று மசால் தோசைக்கே அது காணாது. மூன்று வருஷத்துக்குள் மறுபடி பிடிபட்டால்தான் நூறு ரூபாய், மூன்று மாத ஜெயில் என்றெல்லாம் ஏறும். "அதாவது, நாலு வருஷத்துக்கு ஒருதரம் மாட்டிண்டா ஆயுசுக்கும் முதல் குற்றம்தான்" என்று கணக்கை முடித்தார். தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்டதற்காக 1832-இல் பார்சிகள் கடையடைத்துக் கலவரமே செய்த ஊர் இது. நம்மவர்கள் இருந்திருந்தால் அபராதம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்திருப்போம்.

தாராவியிலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் திருநெல்வேலி அம்மாள், "எங்க சந்துல மனுசன் நிக்கவே எடமில்ல, நாய எங்கன கட்ட? அது பாட்டுக்கு அலையுது" என்றாள். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெண் கிளம்பும்போது கூடத்துச் சுவரைப் பார்த்தாள். சண்முகானந்தா ஹாலில் மாமா பெண்ணின் அரங்கேற்றப் படம். அதற்கு மேலே, மாலை போட்ட ருக்மிணி தேவி அருண்டேல்.

"இவங்கதான் அங்கிள் அந்தச் சட்டத்துக்குக் காரணம்."

"அவாளா? அவா டான்ஸ்னா!"

டான்ஸும்தான். 1936-இல் கலாக்ஷேத்ரா. ஆனால் 1952-இல் ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினராகப் போனவர், மிருகங்களுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்று நேரு வாக்குக் கொடுத்த பிறகுதான் அதை விட்டார். 1962-இல் சென்னையில் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. 1977-இல் மொரார்ஜி தேசாய் ஜனாதிபதி ஆகச் சொல்லிக் கேட்டும் மறுத்தவர் என்பது மாமாவுக்கு மனப்பாடம். சட்டம் மட்டும் தெரியாது.

காபி ஆறி ஆடை கட்டியது. "அவா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கடைசியில். நாயை நடத்திக் கூட்டிப்போகும் பேச்சு எழவில்லை. முழங்கால் வலி.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டில் பத்தடிச் சங்கிலி, ரசீதோடு வாங்கி வந்தார். முதலில் துளசி மாடம், அப்புறம் செருப்பு என்று ஒவ்வொன்றாக ஐந்தடி தள்ளி வைத்தோம். கொக்கியை மாட்டியது நான்தான்.

டைகர் எழுந்தது, உடம்பை உதறியது, நடந்தது. தேய்ந்த கோடு வந்ததும் நின்றது. திரும்பியது. கோட்டோரமாகவே அந்தக் கோடிக்குப் போய், மறுபடி இந்தக் கோடிக்கு வந்து படுத்துக்கொண்டது. மீதிச் சங்கிலி பக்கத்தில் குவியலாகக் கிடந்தது.

"பாத்தேளா ஓய்," என்றார் மாமா, "அவனுக்கே அது போறும்."