சம்பளமில்லாத ஃபிட்டர்

பிரிட்டிஷ்காரர்கள் ஒரு காலத்தில் உலகத்துக்கே ஸ்போர்ட்ஸ் கார் செய்து கொடுத்தார்கள் என்று சரித்திரம் சொல்லும். நம்பாதீர்கள். அவர்கள் முக்கால் கார்தான் செய்தார்கள். மிச்சக் காலை, வாங்கினவன் தன் வீட்டுக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லாந்து படுத்து முடித்துக்கொண்டான். சம்பளம் கிடையாது. ஸ்பானரும் அவன் காசு.

இந்த ஏற்பாட்டை ஒளிக்காமல் நடத்திய மகான் காலின் சாப்மன். 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து மேய்ந்து அவர் தன் முதல் காரைக் கட்டியது லண்டனில், காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில். பிறகு அந்தப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார். சீர்வரிசையில் ஷெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட மாப்பிள்ளை.

1957-ல் அவருடைய லோட்டஸ் செவன் வந்தது. முழுக் காராக வாங்கினால் வரி உண்டு. பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் இல்லை. ஆனால் கூடவே பூட்டும் முறையை எழுதித் தரக்கூடாது என்று அரசாங்கம் ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தது. சாப்மன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். பூட்டும் முறையை எழுதவே இல்லை. கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார் என்பது லோட்டஸ் பக்தர்கள் சொல்லும் தலபுராணம். வாங்கினவன் அதைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்தால் அது அவன் கெட்ட பழக்கம், கம்பெனி என்ன செய்யும்? 1973-ல் வாட் வரி வந்து இந்தத் திருவிளையாடலை முடித்துவைத்தது.

தலைகீழ்ப் பாடத்தில் இப்படி ருசி கண்ட நாட்டில் ஜான் ஹேன்ஸ் பிழைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. விமானப்படை வேலையாக ஏடனில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்கப் படம் எடுத்து, 1966-ல் புத்தகமாகப் போட்டார். ஸ்ப்ரைட்டும் சாமானியக் கார் இல்லை. டிக்கிக்கு மூடி கிடையாது. ஸ்டெப்னி வேண்டுமென்றால் சீட்டுக்குப் பின்னால் தலையை விட்டு இழுக்கவேண்டும். கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடியும் கிடையாது. ஹேன்ஸ் புத்தகங்களில் பிரிப்பதற்குப் பக்கம் பக்கமாகப் படம் இருக்கும். பூட்டுவதற்கு? வந்த வழியே திரும்பிப் போ என்ற தொனியில் ஒரு வரி. திரும்பிப் போய்ச் சேர்ந்ததும் கையில் மிஞ்சும் இரண்டு வாஷர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இராது.

இனி எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களின் மரை விவகாரம். இதைக் கேட்டால் நமக்கே மரை கழன்றுவிடும். முதல் உலகப்போரில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி கோவென்ட்ரிக்கு வந்து இயந்திரத் துப்பாக்கி செய்தது. போர் முடிந்தது, துப்பாக்கிக்கு ஆள் இல்லை, மாரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்தது. 1923-ல் வில்லியம் மாரிஸ் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கிவிட்டார். அங்கிருந்த மெஷின்கள் வெட்டியது பிரெஞ்சு மெட்ரிக் மரை. ஆங்கிலேய மெக்கானிக்கின் பையில் இருந்ததோ, 1841-ல் விட்வொர்த் துரை வகுத்த அளவுக்கான ஸ்பானர். மெஷினை மாற்றினால் செலவு. ஸ்பானரை மாற்றினால் புரட்சி. எனவே போல்ட்டின் தலை விட்வொர்த், உடம்பு மெட்ரிக் என்று ராஜி செய்தார்கள். மாரிஸ் குடும்பத்தில் 1945-ல் வந்த எம்.ஜி. டி.சி.யின் எஞ்சினிலும் இந்தக் கலப்புத் திருமணம்தான் குடித்தனம் நடத்தியது. அந்தக் காரை ஆசையாய் வாங்கிய அமெரிக்கனிடம் இருந்த ஸ்பானர் இரண்டிலும் சேராத மூன்றாம் சாதி. ஸ்டீயரிங்கும் அவனுக்கு எதிர்ப்பக்கம். ஆனாலும் வாங்கினான். காதலுக்குக் கண் இல்லை, அளவும் இல்லை.

அதே எஞ்சினில் கிராங்க்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. ஒரு மரையை வெட்டிவிட்டார்கள். சுற்றும்போது ஆயிலை உள்ளே தள்ளும். எஞ்சின் நின்றால் மரையும் நிற்கும், ஆயில் நிற்காது. ஒழுகவில்லையென்றால் ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டிய எஸ்.யு. கார்புரேட்டரைக் கண்டுபிடித்தவர்கள் செருப்பு வியாபாரக் குடும்பம். முதல் கார்புரேட்டருக்குத் துருத்தியும் தோலில்தான். இரண்டு கார்புரேட்டரைச் சரிசமமாக்க, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே சுருதியில் சீறுகிறதா என்று கேட்பது முறை.

மின்சாரத்துக்கு லூகாஸ். சென்னையில் பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு 1961-ல் வந்த லூகாஸ் டி.வி.எஸ். தெரியும், இவர் அதன் மூலவர். ஜோசப் லூகாஸ், பர்மிங்காமில் தெருத்தெருவாக மண்ணெண்ணெய் விற்றவர். தன் விளக்குக்கு 'சாலையின் ராஜா' என்று பட்டம் சூட்டினார். கார்க்காரர்கள் அவருக்கே 'இருட்டின் இளவரசன்' என்று பட்டம் சூட்டினார்கள். அவர் ஸ்விட்ச்சுக்கு மூன்று நிலையாம்: மங்கல், மினுக்கல், அமாவாசை. ஆங்கிலேயன் ஏன் சில்லென்று இல்லாத பீர் குடிக்கிறான்? ஃப்ரிட்ஜும் லூகாஸ்.

எனக்கு லூகாஸ் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. விளக்குக்குப் போன கரண்ட் திரும்பி வரும் பாதை காரின் தகரம். தகரம் துருப்பிடித்து, இணைப்பில் பச்சை பூத்தால் எந்தத் தெய்வம் வந்தாலும் எரியாது. உப்புத்தாள் வைத்து எர்த்தைத் தேய்த்தாலே பாதிச் சாபம் நீங்கும். பிற்கால எம்.ஜி.யான எம்.ஜி.பி.யின் ஆரம்ப காலக் கார் முழுவதற்கும் இரண்டே ஃப்யூஸ்தான் வேலை பார்த்தது. ஹெட்லைட்டுக்கு அதுவும் இல்லை. இது லூகாஸின் கஞ்சத்தனமா, கார் கம்பெனியின் கஞ்சத்தனமா? போதாததற்கு 1967 வரை அந்தக் காரில் பாசிட்டிவ்தான் எர்த். தெரியாமல் புது ரேடியோவை மாட்டினவன் பாட்டுக்கு முன்னால் புகையைப் பார்த்தான்.

எம்.ஜி.பி.க்குச் சேசிஸ் தனியாக இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரம்தான் முதுகெலும்பு. மழைநீர் புகுந்து முதலில் இற்றுப்போவதும் அதேதான். முட்டுக் கொடுக்காமல் அதை அறுத்தவர்களின் கார் நடுவில் தொய்ந்து, கதவு ஜென்மத்துக்கும் மூடவில்லை. இப்படி 5 லட்சத்துக்கு மேல் செய்து அனுப்பிவிட்டு, 1980-ல் அபிங்டன் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள்.

கொட்டகைக்காரர்கள் மூடவில்லை. அவர்கள் அறுத்துக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்ததைப் பார்த்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற கம்பெனி 1988-ல் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து எம்.ஜி.பி.யின் முழுக்கூட்டையே புதிதாக அடித்து விற்க ஆரம்பித்தது. அப்போது எம்.ஜி. பெயரைக் கையில் வைத்திருந்த ரோவர் கம்பெனிக்கு 1992-ல் அந்தப் பெயரில் ஒரு புதுக் கார் வேண்டியிருந்தது. எங்கெங்கோ தேடவில்லை. ரிப்பேர்க்காரர்களுக்காக அடித்த அந்தக் கூட்டையே கொஞ்சம் திருத்தி, வி8 எஞ்சினை உள்ளே இறக்கி, பின்பக்கம் பழையபடி வில்பட்டையை வைத்து ஆர்.வி.8 என்று விற்றார்கள். பெரும்பாலானவற்றை ஜப்பான்காரர்கள் வாங்கிப் போனார்கள்.