பஜ்ஜியின் உப்பல்: ஒரு மோலார் விசாரணை

வாழைக்காய் பஜ்ஜி ஒரு கடையில் பம்மென்று உப்பி நிற்கிறது. அடுத்த கடையில் காயோடு ஒட்டிப் படுத்துவிடுகிறது. இது ஏன் என்ற வினா தமிழ்ச் சமூகத்தில் மாலை நான்கு மணிக்கு எழுப்பப்பட்டு நாலேகாலுக்கு மறக்கப்படுகிறது. கைப்பக்குவம் என்கிறது ஒரு தரப்பு. மாவுப் பதம் என்கிறது இன்னொரு தரப்பு. எண்ணெய் காய்ந்த விதம் என்று சாதிக்கும் மூன்றாம் தரப்பினர் எப்போதும் வாயில் பஜ்ஜியோடு பேசுவதால், அவர்கள் வாதத்தை முழுமையாகப் பதிவுசெய்ய இயலவில்லை. மூவருமே ஆப்ப சோடாவின் மோலார் நிறையைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடைக்காரர் சோடாவை எடை போட்டு வாங்குகிறார். மாவுக்குள் போனதும் அது எண்ணிக்கைக் கணக்கில்தான் வினைபுரிகிறது. எடையைக் கொண்டு எண்ணிக்கையை அறிவது பெரிய வித்தையல்ல. ஒரு ரூபாய்க் காசு மூட்டையை நிறுத்துப் பார்த்தே எத்தனை காசு என்று சொல்லிவிடலாம், ஒரு காசின் எடை தெரிந்திருந்தால். அணுக்கள் ஒவ்வொன்றாக நிறுக்க வாகானவை அல்ல என்பதால், வேதியியலார் 6.022 × 10²³ துகள்களை ஒரு கட்டாகக் கட்டி அதற்கு மோல் என்று பெயரிட்டனர். அந்தக் கட்டின் எடைதான் மோலார் நிறை. ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட்டுக்கு, சோடியம் 23, ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்றுக்கு 48, ஆக 84 கிராம். பத்தாம் வகுப்பு மாணவர் அரை நிமிடத்தில் போடும் கூட்டல்.

இந்த அரை நிமிடக் கூட்டலுக்கு ஐரோப்பா அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலியின் அவகாட்ரோ 1811-இல் எழுதினார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆக்சிஜனின் எடை சிலருக்கு 8, சிலருக்கு 16. அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கே புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளை 1861-இல் கெக்குலே தம் நூலில் அடுக்கிக் காட்டினார். 1860-இல் கார்ல்ஸ்ரூ நகர மாநாட்டில் கன்னிசாரோவின் சிறு வெளியீடு வேதியியலார் கைகளில் கொடுக்கப்பட்ட பிறகே குழப்பம் தெளியத் தொடங்கியது. அவகாட்ரோ அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். அந்த மாநாட்டில் பஜ்ஜி பரிமாறப்படவில்லை. பரிமாறியிருந்தால் விவகாரம் முதல் நாளே முடிந்திருக்கும் என்பது இவ்வாய்வாளரின் சொந்தக் கருத்து.

இனி அடுப்படிக்கு வருவோம். மாவில் போடப்படும் சோடாவின் அளவு ‘ஒரு சிட்டிகை’. சிட்டிகை அனைத்துலக அலகு முறையில் இடம்பெறவில்லை; மாஸ்டரின் விரல் பருமனைப் பொறுத்து மாறவும் செய்கிறது. ஆகவே நம் சிட்டிகையை 0.84 கிராம் என்று கொள்வோம். ஏன் 0.84? கணக்கு மீதியில்லாமல் வருவதற்காக. பாடநூல்கள் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 18 கிராம் நீர் என்றே கேட்பதும் இதே உயரிய காரணத்துக்காகத்தான். 0.84-ஐ 84-ஆல் வகுத்தால் 0.01 மோல்.

மாவு சூடாகும்போது இரண்டு மோல் பைகார்பனேட் பிரிந்து, ஒரு மோல் சோடியம் கார்பனேட், ஒரு மோல் நீர், ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கின்றன. சரிபார்க்க விரும்புவோர் கூட்டிப் பார்க்கலாம்: இந்தப் பக்கம் இருமுறை 84, மொத்தம் 168, அந்தப் பக்கம் 106, 18, 44, அதுவும் 168. ஒரு கிராம்கூடக் காணாமல் போகவில்லை. பலகாரத் துறையில் இது அரிய நிகழ்வு. ஆக 0.01 மோல் சோடாவிலிருந்து வருவது 0.005 மோல் வாயு, எடையில் 0.22 கிராம். அவசரக்காரர்கள் அந்த ‘இரண்டுக்கு ஒன்றை’ விட்டுவிட்டு 0.44 என்பார்கள். நுழைவுத் தேர்வுகளில் கொடுக்கப்படும் நான்கு விடைகளில் 0.44 ஒன்றாக இருக்கும். வினா தயாரிப்பவர் ஆள் பிடிக்கவே அதை வைத்திருப்பார்.

0.22 கிராம் என்றால் மாஸ்டர் சிரிப்பார். பருமனில் சொன்னால் மதிப்பார். இங்கே ‘ஒரு மோல் வாயு 22.4 லிட்டர்’ என்ற மனப்பாடத்தை நீட்டக் கூடாது. அது 0 டிகிரிக்குரியது. அந்தக் குளிரில் பஜ்ஜி போட ஊட்டியின் தை மாத விடியற்காலைக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் காற்றழுத்தம் குறைவு என்பதால் கணக்கு ஒத்துவராது. எண்ணெய் 180 டிகிரியில் காய்ந்தாலும், ஈரம் வற்றும்வரை மாவின் உட்புறம் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு மோல் வாயு சுமார் 30.6 லிட்டர். எனவே 0.005 மோலுக்கு 153 மில்லிலிட்டர், ஒரு டீ கிளாஸை நிரப்பிக் கீழே வழியும் அளவு. மாவிலிருந்து எழும் நீராவியும் உப்பலுக்குத் துணைபோகிறது. அதன் பங்கை இங்கே கணக்கிடவில்லை.

சில வீடுகளில் மாவில் புளித்த தயிர் விடும் பழக்கம் உண்டு. இதைக் கஞ்சத்தனம் என்று கருதுவோர் கவனிக்க: அமிலத்தோடு சேரும்போது ஒரு மோல் சோடாவுக்கு ஒரு மோல் வாயு. அதே சிட்டிகை, இரட்டிப்பு வாயு. தயிரிலுள்ள லாக்டிக் அமிலத்தின் மோலார் நிறை 90. நம் 0.01 மோல் சோடாவுக்கு 0.9 கிராம் அமிலம் தேவை. தயிரில் நூற்றுக்கு ஒரு பங்கு அமிலம் என்று வைத்தால் 90 கிராம் தயிர். வீட்டில் 45 கிராம்தான் மிச்சம் இருக்கிறதா? பாதி சோடாதான் அமிலத்தோடு வினைபுரியும். இங்கே தயிரே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. மீதிச் சோடா வாணலிச் சூட்டில் பழைய கணக்குப்படி பிரியும். மொத்தம் 0.0075 மோல். ஒரு எச்சரிக்கை: அமில வினை தண்ணீர் பட்டதுமே தொடங்கிவிடும். மாவைக் கரைத்து வைத்துவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கப் போனால், உப்பல் காற்றோடு போய்விடும்.

சோடாவை அள்ளிப் போடும் கடைகளின் பஜ்ஜியில் வரும் சோப்பு வாடைக்கும் மேற்படி சமன்பாடே சாட்சி. வாயு போன பின் மாவில் தங்குவது சோடியம் கார்பனேட். அதன் நீரேறிய படிகத்துக்குக் கடைத்தெருவில் சலவைச் சோடா என்று பெயர். 0.84 கிராமுக்கு 0.53 கிராம் மிஞ்சும். தயிர் விட்ட மாவில் இது குறையும்.

ஆய்வின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். மோலார் நிறை தூய பொருளுக்கே செல்லும். கடலை மாவு, மிளகாய்த் தூள், கடலை எண்ணெய் எல்லாம் கலவைகள். அவற்றுக்கு ஒற்றை வாய்பாடு கிடையாது. தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னியும் இதே காரணத்தால் விலக்கப்பட்டது, ஆய்வின்போது அது இரண்டு முறை கேட்டு வாங்கப்பட்டது என்றாலும். கைப்பக்குவத் தரப்பினர் மறுப்புக் கட்டுரை எழுதலாம். ஆனால் மோலில் எழுத வேண்டும்.