பாலா, பல்லியா?

கேள்வி: என் மகளுக்கு 5 மாதம். பகலில் பால் கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பாள். குக்கர் விசிலடித்தால் போதும், திரும்பிவிடுவாள். பால் போதவில்லை, பவுடர் பால் கொடு என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: மகளுக்கு இப்போதுதான் தூரத்தில் இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. சுவரில் பல்லி ஓடும்போது பாலாவது, பசியாவது! திரும்புகிறவள் காம்பையும் கவ்வி இழுப்பாளே, அதுதான் உயிர் போகும். இழுத்துப் பிடுங்காதீர்கள், சுண்டுவிரலை அவள் வாயோரம் நுழைத்தால் பிடி தளரும். திரை போட்ட அறையில், போனை வெளியே வைத்துவிட்டு உட்காருங்கள். தூங்கி எழும் அரைத்தூக்கத்தில் கொடுத்தால் சமர்த்தாகக் குடிப்பாள். முந்தானை நுனியைக் கையில் கொடுங்கள், அதைக் கசக்கிக்கொண்டே வயிறு நிரப்புவாள். பகலில் விட்டதை ராத்திரி எழுப்பிக் கேட்பாள், கொடுங்கள்.

ஒரு நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது. எடை ஏறாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதை மாமியாரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். குக்கரை அவரே கவனித்துக்கொண்டால் இன்னும் நல்லது.