மீனாட்சிபுரத்து முரண்: அதிர்ஷ்டமில்லா ஆட்டங்கள் குறித்த ஓர் எல்லைப்புற ஆய்வு

இயல் 1: ஆய்வுச் சிக்கல்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் கேரளத்தின் விளிம்பில் இருக்கிறது மீனாட்சிபுரம். அரசுப் பதிவேட்டில் பாலக்காடு மாவட்டம், சிற்றூர் வட்டம். டீக்கடைப் பேச்சில் பாதிக்கு மேல் தமிழ். ரயில் நிலையம் உண்டு. தமிழ்நாட்டுப் பாலைச் சோதித்து அனுப்பும் சாவடி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக லாட்டரிக் கடைகள் உண்டு. கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தியது. தமிழக அரசு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. அன்று முதல் பொள்ளாச்சிப் பக்கத்து நம்பிக்கைகள் பஸ் ஏறி எல்லை தாண்டத் தொடங்கின.

இப்படி அதிர்ஷ்டம் கடை போட்டு விற்கப்படும் ஊரிலும் அதைச் சற்றும் சேர்த்துக்கொள்ளாத ஆட்டங்களுக்கு ஆள் கிடைப்பது எப்படி? பல்கலைக்கழகங்கள் இதை ஏறெடுத்தும் பார்க்காததால், நல்கையோ நெறியாளரோ இன்றி இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

இயல் 2: வகைப்பாடு

ஆட்டங்களை இரண்டாகப் பிரிக்க ஒரே சோதனை போதும்: ஏழரைச் சனி உள்ளே நுழைய வழி இருக்கிறதா? தாயத்தில் இருக்கிறது, வேண்டும்போது தாயம் விழாது. பரமபதத்தில் பாம்பே சனியின் ஆள். ஆடுபுலி, பல்லாங்குழி, சதுரங்கம் மூன்றிலும் வழி இல்லை. பகடை கிடையாது, மறைத்து வைத்த சீட்டு கிடையாது. எல்லாம் இருவர் கண்ணெதிரே கிடக்கிறது.

யார் புலி, யார் ஆடு என்பதைக் கைக்குள் கல்லை ஒளித்துத்தானே முடிவு செய்கிறார்கள், அங்கே அதிர்ஷ்டம் வரவில்லையா என்று சிலர் தடை எழுப்பலாம். அடுத்த ஆட்டத்தில் பக்கத்தை மாற்றிக்கொண்டால் தடை நீங்கும்.

எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரே நேர்வு அஸ்தினாபுரத்தில் நடந்தது. சூதாட்டம் அதிர்ஷ்ட வகை என்பது பொதுக் கருத்து. ஆனால் சகுனி கையில் பகடை எப்படி விழும் என்பது முன்பே முடிவானது. ஆகவே அன்று நடந்தது அதிர்ஷ்டமில்லா ஆட்டமே. அந்தச் செய்தி தருமருக்கு மட்டும் எட்டவில்லை.

இயல் 3: களத்தரவு

ஆடுபுலியின் பரவலான வடிவத்தில் 23 சந்திகள், 3 புலிகள், 15 ஆடுகள். சாக்பீஸ் ஒன்றும் கூழாங்கற்கள் கொஞ்சமும் கிடைத்தால் திண்ணையே பலகை. பல பழைய கோயில்களின் கல்தரையில் இந்தக் கட்டத்தைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்காரர் ஒவ்வோர் ஆடாக இறக்குவார். 15 ஆடுகளும் இறங்கும்வரை இறக்கிய ஆட்டை நகர்த்தக் கூடாது. புலி மட்டும் அதற்குள் உலாவலாம், தாண்டி வெட்டலாம். மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி.

இதில் தோற்றவருக்குச் சொல்லிக்கொள்ளக் காரணமே கிடையாது. தாயத்தில் தோற்றவர் கட்டையைத் திட்டலாம். லாட்டரியில் தோற்றவர் விற்றவரின் கைராசியைத் திட்டலாம். ஆடுபுலியில் திட்டுவதற்குத் தன்னைத் தவிர ஆளில்லை. அதனால் தோற்றவர் தேவையான காரணங்களைச் சொந்தமாக உற்பத்தி செய்கிறார். அவை மூன்று வகைப்படும்.

வானிலைக் காரணம்: “வெயில் கண்ணுல அடிச்சுதுங்க, இல்லாட்டி அந்த ஆட்டை உட்டிருப்பனா?”

உறவுமுறைக் காரணம்: “மாமன்கிட்டப் போயி முழுசா ஆடறதா? மரியாதை வேண்டாமுங்களா?”

பார்வையாளர் காரணம்: “இவன் பக்கத்துல நின்னு நொய்யி நொய்யின்னு பேசிட்டே இருந்தான்.”

மூன்றாவதே ஆய்வாளருக்கு முக்கியமானது. ஆட்டத்தில் இல்லாத அதிர்ஷ்டத்தை ஈடுகட்டவே ஊர், வேடிக்கை பார்ப்பவர் என்றொரு பதவியை உண்டாக்கி வைத்திருக்கிறது. அவர் கல்லைத் தொடமாட்டார். ஆனால் எல்லாத் தோல்விகளுக்கும் அவரே பொறுப்பு.

இயல் 4: எதிர்த்தரவு

இனி லாட்டரிக் கடைக்கு வருவோம். இங்கே எதிர்பார்க்க வேண்டியது மௌனமான விதி நம்பிக்கை. காணக் கிடைப்பதோ போர்த்தந்திரம். கடைசி நான்கு எண்ணைப் பார்க்கிறார்கள்; இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கிறார்கள்; போன வாரம் வந்த எண் இந்த வாரம் வராது என்று வாதிடுகிறார்கள்; ஒரே கடையில் எல்லாச் சீட்டும் வாங்கக் கூடாது என்று படையைப் பிரிக்கிறார்கள். 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் முதல் பரிசு, எல்லைச் சாவடி ஊரான வாளையாறில் விற்ற சீட்டுக்கு, திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வருக்கு விழுந்தது. அதோடு, எந்தச் சோதனைச்சாவடியில் வாங்கினால் ராசி என்பதும் தந்திரக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

ஆக, மீனாட்சிபுரத்து முரண் இதுதான்: மூளைக்கு வேலையே இல்லாத ஆட்டத்தில் மனிதன் மூளையைக் கசக்குகிறான்; மூளை மட்டுமே செல்லும் ஆட்டத்தில் ராசியைத் தேடுகிறான்.

இயல் 5: கோட்பாடு

ஜெர்மானியக் கணிதர் எர்ன்ஸ்ட் செர்மலோ 1913இல் சதுரங்கத்தை முன்வைத்து ஒன்றைக் காட்டினார். அதிர்ஷ்டமும் மறைப்பும் இன்றி, முடிவுக்கு வந்தே தீரும் இருவர் ஆட்டத்தில் ஒருவர் கட்டாயம் வெல்ல வழி உண்டு. இல்லையென்றால் இருவருமே தோல்வியைத் தவிர்க்க வழி உண்டு. பிழையின்றி ஆடினால் முடிவு முதல் காய் நகரும் முன்பே எழுதியாகிவிட்டது என்று பொருள். நம் ஊர்ப் பாட்டிகள் இதைத் தலையெழுத்து என்பார்கள். அதிர்ஷ்டத்தை முன்வாசலில் தடுத்தால், விதி கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது!

செக்கர்ஸ் ஆட்டத்தின் தலையெழுத்தைக் கனடாவின் ஜொனாதன் ஷேஃபர் குழு 1989இல் கணினி கொண்டு படிக்கத் தொடங்கி 2007இல் படித்து முடித்தது: இருவரும் தவறாமல் ஆடினால் டிரா. சதுரங்கத்தின் எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. அதில் நடக்கக்கூடிய ஆட்டங்கள் 1க்குப் பின் 120 சுழியங்கள் என்ற அளவில் இருக்கும் என்று 1950இல் கணிதர் கிளாட் ஷானன் மதிப்பிட்டார். இவ்வளவு பெரிய அறியாமை கையில் இருப்பதால்தான் நாம் ஆட முடிகிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றதும் கடைசிச் சுற்றில் அப்போதைய உலக வாகையர் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததால்தான். உலக வாகையரும் தவறு செய்வார் என்பதே இந்த ஆட்டங்களின் கவர்ச்சி. அங்கே வானிலைக் காரணம் சொல்லவும் வழியில்லை. அரங்கில் வெயில் அடிக்காது.

இயல் 6: முடிவும் பரிந்துரையும்

அதிர்ஷ்ட ஆட்டம் வென்றவருக்குப் பணம் தரும், பெருமை தராது. பம்பர் அடித்தவரை “கெட்டிக்காரர்” என்று யாரும் சொல்வதில்லை. அதிர்ஷ்டமில்லா ஆட்டம் காசு தராது. ஆனால் வென்றது முழுக்க நீங்கள்தான். அந்தப் பெருமைக்கு விலையாக, தோற்றதும் நீங்களே என்பதை ஏற்க வேண்டியிருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான். கொடுக்க ஆள் இருக்கிறது என்பதற்குச் சான்று திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால். மதுவிலும் சூதாட்டத்திலும் மூழ்கியிருந்த அவ்வூருக்கு உன்னிகிருஷ்ணன் என்ற டீக்கடைக்காரர் சதுரங்கம் கற்றுக்கொடுத்தார். இன்று அது சதுரங்கக் கிராமம் என்றே அறியப்படுகிறது.

எனவே எல்லையோர லாட்டரிக் கடை ஒவ்வொன்றின் வாசலிலும் ஓர் ஆடுபுலிக் கட்டம் வரையப்பட வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. அன்றாடக் குலுக்கல் பிற்பகல் 3 மணிக்குத்தான். அதுவரை சும்மா நிற்பவர்கள் இரண்டு ஆட்டம் போடலாம். சீட்டு விழாவிட்டாலும் அன்றைக்கு ஒருவராவது வென்ற மனிதராக வீடு திரும்புவார். வேடிக்கை பார்க்க நிற்போருக்கு ஒரு வேண்டுகோள்: வாயைத் திறக்காதீர்கள்.