பல்லாவரத்தில் திரும்பணும்

சிட்லபாக்கத்தில் எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழா உறியடி, கோலப்போட்டி, மியூசிக்கல் சேர் என்று யாருக்கும் தொந்தரவில்லாமல்தான் நடந்துகொண்டிருந்தது. இந்த முறை சங்கத்துப் பெண்கள் கூடிப் பேசி, ‘கணவன்மார் குழு நடனம்’ என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். யார் யார் ஆடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்து லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டார்கள். லிஃப்டில் ஒட்டியதற்கு மேல்முறையீடு கிடையாது. மெயின்டனன்ஸ் பாக்கிக்காரர்களின் பட்டியலும் அங்கேதான் தொங்கும்.

பாட்டு ஒரு குத்துப்பாட்டு. மாஸ்டர், நாலாவது மாடியில் காலேஜ் படிக்கிற பையன். “ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்!” என்று சொடுக்குப் போட்டால் ஆட வேண்டும். ஒன்று முதல் நாலு வரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு வரக்கூடிய நியாயமான சந்தேகம்தான். பாட்டு எட்டெட்டாக ஓடுகிறது, போன எட்டின் கடைசி நாலு தயாராவதற்கு என்று பொறுமையாக விளக்கினான். அந்த நாலில் நான் தயாரானதே இல்லை.

அடுத்த சிக்கல் இடது வலது. அவன் எங்களைப் பார்த்து நின்று ஆடினால் அவனுடைய வலது எனக்கு இடது. முதுகைக் காட்டி ஆடினால் இடது வலது சரியாக வருகிறது, கை என்ன செய்கிறது என்று தெரிவதில்லை. வீடியோ எடுத்து அனுப்பினான். செல்ஃபி கேமராவில் எடுத்ததால் அதில் சுவர்க் காலண்டரே இடவலமாய்ப் புரண்டு கிடந்தது.

வீட்டில் ஒரு நிபுணர் இருக்கிறார். என் மகள், ஏழாம் வகுப்பு, சேலையூரில் பரதநாட்டியம் கற்கிறாள். நான் ஹாலில் தவிப்பதைக் கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, நீங்க காலால ஞாபகம் வெச்சுக்கப் பாக்கறீங்க. வாயால வெச்சுக்கணும்.”

விஷயம் அதுதான், இத்தனை நாள் வகுப்புக்கு ஸ்கூட்டரில் கொண்டுவிட்டும் என் மண்டையில் ஏறியதில்லை. பரதத்தில் ஒவ்வோர் அடவுக்கும் ஒரு சொல் உண்டு. தட்டடவுக்கு ‘தெய்யா தெய்’. நாட்டடவுக்கு ‘தெய்யும் தத்த தெய்யும் தா’. முடித்துவைக்க ‘கிடதக தரிகிட தொம்’. மூன்று என்றால் தகிட, நாலு என்றால் தகதிமி, ஐந்து தகதகிட, ஏழு தகிட தகதிமி, ஒன்பது தகதிமி தகதகிட. நட்டுவனார் தட்டுக்கழியால் பலகையில் தட்டியபடி சொல்லைச் சொல்வார், கால் அதன் பின்னால் ஓடும். ஒரு கோர்வையில் எத்தனை முறை கால் தட்டினோம் என்று எந்தக் குழந்தையும் எண்ணுவதில்லை. வாயில் சொல் இருக்கிறது, போதும். 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதன் ஒரே நேரத்தில் மனசில் ஏந்தக்கூடியது ஏறத்தாழ ஏழு உருப்படிதான், அதையும் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டால் நிறைய ஏற்றலாம் என்று எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கத்து நட்டுவனார்கள் அவருக்கு வெகுகாலம் முன்பே கொத்துக் கட்டி முடித்துவிட்டார்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர், 19-ஆம் நூற்றாண்டிலேயே அலாரிப்பில் ஆரம்பித்துத் தில்லானாவில் முடிகிற வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள். எதற்குப் பின் எது என்ற கவலையும் அதோடு போயிற்று. பாலசரஸ்வதி 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது வயது ஏழு. எனக்கு ஐம்பது தாண்டி இடுப்பில் பெல்ட் வேறு.

மகளின் நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் குச்சி மனிதர்கள், முழங்காலை அரைமண்டியில் மடக்கி நிற்கிறார்கள். கை போகும் திசைக்கு அம்புக்குறி. கீழே சொல்லுக்கட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் ‘மூணாம் காலத்துல அவசரப்படாதே’. நான் முதல் காலத்திலேயே அவசரப்படுபவன்.

குத்துப்பாட்டுக்குச் சொல்லுக்கட்டு இல்லையே என்றேன். “நாமளே வெச்சுக்கலாம்” என்று எனக்குத் தெரிந்த வேலைகளிலிருந்தே பெயர் எடுத்தாள். ‘துணி பிழி, துணி பிழி, உதறு, காயப்போடு, கேஸ் புக் பண்ணு, கேஸ் புக் பண்ணு, கதவத் திற.’ மணையைப் போட்டு உட்கார்ந்து பூரிக்கட்டையால் தட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், மனப்பாடம் ஆகிவிட்டது. பிழியும்போது உடம்பு உதறியது, உதறும்போது கதவைத் திறந்தது, அது வேறு விஷயம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, “சார், அம்மிக்கல்ல இடம் மாத்தறீங்களா? ஆள் அனுப்பட்டுமா?” என்று கேட்டார். மனைவி பூரிக்கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். சப்பாத்தி நேரம்.

“ஆடறவங்களுக்கு மறதி வராதாம், படிச்சேன்” என்றாள் போகிறபோக்கில். அவள் சொன்ன ஆய்வு நிஜம்தான், 2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 75 வயது தாண்டிய 469 பேரைப் பல வருஷம் கவனித்ததில், உடம்பை அசைக்கிற பொழுதுபோக்குகளில் நடனத்துக்கு மட்டும்தான் மறதிநோய் குறைவதோடு தொடர்பு தெரிந்தது. ஆனால் ஸ்டெப்பை மறந்தவர்களை அதில் எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று யாரிடம் கேட்பது?

உடம்பை விட்டுவிட்டு விரலால் பழகும் வழி ஒன்று உண்டு. ஆட்டக்காரர்கள் அதை ‘மார்க்கிங்’ என்பார்கள். முழுசாக ஆடாமல், கையைச் சின்னதாக அசைத்தே பாட்டு முழுவதையும் ஓட்டிப் பார்ப்பது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி மார்க் செய்து பழகிய பாலே மாணவர்கள், முழு மூச்சாக ஆடிப் பழகியபோது ஆடியதைவிட நன்றாகவே ஆடியிருக்கிறார்கள். நானும் காலை மின்சார ரயிலில் உட்கார்ந்து மடியில் விரலால் துணி பிழிந்தேன். எதிர் சீட்டு அம்மா தன் பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

அந்த ரயிலில்தான் ஞானம் வந்தது. பழைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் பேச வேண்டியதை ஒரு வீட்டின் அறை அறையாக மனசில் வைத்துக்கொண்டு, நடந்தபடியே எடுத்துப் பேசுவார்களாம். எனக்கு அவ்வளவு பெரிய வீடு கிடையாது, இரண்டு பெட்ரூம். ஆனால் தாம்பரம் முதல் கடற்கரை வரை 18 ஸ்டேஷன் இருக்கிறது, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டெப்பாகப் பதித்தேன். தாம்பரத்தில் நுழைவு. சானடோரியம், 1928-இல் காசநோய்க்காரர்களுக்காக வந்த ஆஸ்பத்திரி, ஆகவே நெஞ்சில் கைவைத்துக் குலுங்கல். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே குரோம் லெதர் தொழிற்சாலை, ஆகவே செருப்புக் காலால் ஓர் உதை. பல்லாவரத்தில் ஒரு சுற்றுத் திரும்பணும். திரிசூலத்தில் மூன்று விரல் தூக்கணும். “அது எங்க 28 ஒற்றைக்கை முத்திரையில ஒண்ணுப்பா!” என்று மகளே பாராட்டினாள். மீனம்பாக்கத்தில் இரண்டு கையும் விரித்து விமானம், கிண்டியில் குதிரை, மாம்பலத்தில் ரங்கநாதன் தெருவில் நுழைகிற மாதிரி தோளால் இடி. பழவந்தாங்கலுக்கு எதுவும் தோன்றாததால் சும்மா நின்று மூச்சு வாங்கிக்கொள்வது.

விழா அன்று இது அருமையாக வேலை செய்தது, திரிசூலம் வரை. அங்கே மூன்று விரலைத் தூக்கியதும் ஒரு சந்தேகம் வந்தது: மீனம்பாக்கம் முன்னாலா, பழவந்தாங்கல் முன்னாலா? தினம் இரண்டு வேளை கடக்கிற ஸ்டேஷன்கள்! சிக்னல் விழாமல் வண்டி நின்றுவிட்டது. நிலைமை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஸ்டெப் நன்றாகத் தெரியும் என்று நம்பி, பின்வரிசை நாலு பேரும் என்னைப் பார்த்தே ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களும் விரலைத் தூக்கியபடி நின்றார்கள். ஐந்து பேர் அசையாமல் நிற்க, முன்வரிசை மாம்பலத்தில் இடித்துக்கொண்டிருந்தது. அது பக்தி ரசம் என்று நினைத்து இரண்டு பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என் சமாதானத்துக்கு ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் மேல்தளத்தில் நாட்டியக் கரணங்கள் 108-ஐ வரிசையாகச் செதுக்கத் தொடங்கி 81-உடன் நின்றுவிட்டார்கள். மிச்சம் 27 கல்லும் வெறுமையாகவே இருக்கிறது. ராஜராஜ சோழன் இருந்தான், கோயிலுக்கென்று குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் இருந்தார்கள், அப்படியும் நின்றது. எனக்கு ஒரு காலேஜ் பையன் மட்டும்தான்.

சங்கம் இதற்கெல்லாம் சளைக்கவில்லை. அடுத்த பொங்கலுக்குப் பின்னல் கோலாட்டம் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கம்பத்து உச்சியிலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாகப் போய் ஆடினால் ஜடை பின்னிக்கொள்ளும். அப்புறம் அதே ஆட்டத்தைத் தலைகீழாக ஆடி அவிழ்க்க வேண்டும். ஒருவர் தப்பாகப் போனாலும் முடிச்சு ஊருக்கே தெரியும். கூட்டத்தில் என் பெயரை யாரோ முன்மொழிய, மனைவி எழுந்தாள்.

“அவருக்குக் கயிறு வேணாங்க. நடுவுல கம்பம் வேணுமில்ல, அதுக்கு நிக்கட்டும்.”

ஒருமனதாக நிறைவேறியது. இப்போதே தினமும் பால்கனியில் கொஞ்ச நேரம் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன்.