திறைசேரிக்கு ஒரு கடன் கொப்பி

பெறுநர்: திறைசேரி, கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

லக்கல புதிய நகரத்தில் சின்னதாய் ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கடையின் பெரிய சொத்து கடன் கொப்பிதான். யார் எவ்வளவு வாங்கினார், எப்போது தருவதாகச் சொன்னார், அதை எத்தனை தரம் சொன்னார், எல்லாம் அதில் இருக்கிறது. புரட்டும்போதெல்லாம் தங்கள் ஞாபகம்.

எங்கள் பழைய லக்கல இப்போது களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. 24 கோடியே 80 லட்சம் கன மீற்றர் தண்ணீரைச் சேமிக்க ஊரையே கொடுத்தோம். மாரியில் வருவதைக் கோடைக்கு வைக்கத் தங்களுக்கும் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தத் தண்ணீர் உண்டியலையும் குவைத், சவூதி நிதியங்களிடம் கடன்பட்டுத்தான் கட்டினீர்கள். அது வேறு கதை. அதில் தண்ணீராவது நிற்கிறது.

டொலர்தான் நிற்கவில்லை. 2013இல் மத்தளையில் விமான நிலையம் திறந்தீர்கள். விமானங்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை போலும். 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக்கினீர்கள். வரவை வெட்டிவிட்டுச் செலவைத் தொடாத அந்தத் துணிச்சல் என் வாடிக்கையாளர் எவருக்கும் இல்லை. வேலை குறைந்த மாதம் அவர்கள் பால்மாவை விட்டு வெறும் தேத்தண்ணிக்கு இறங்கிவிடுவார்கள்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டமுடியாது என்றீர்கள். எங்கள் கடையில் இதற்கு, "அடுத்த கிழமை பார்ப்பம் முதலாளி" என்பார்கள். மறுமாதம், கையில் எடுக்கக்கூடியது 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். பிறகு 17ஆவது தடவையாகச் சர்வதேச நாணய நிதியத்திடம் போனீர்கள். நானென்றால் மூன்றாம் தடவையோடு பக்கத்தை மூடியிருப்பேன்.

வருடாவருடம் ஒக்டோபர் 31, சிக்கன தினத்தில், எங்கள் பிள்ளைகளுக்கு உண்டியல் பாடம் நடக்கிறது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது, உண்டியல் நிரப்பிய பிள்ளையைவிட முதல் வருடமே ரொபி வாங்கித் தின்ற பிள்ளை கெட்டிக்காரன் ஆகிவிட்டான். இதை அடுத்த பாடத்தில் எப்படி விளக்குவது என்று தயவுசெய்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

தள்ளிப்போட்ட கடன்களை 2028இல் கட்டத் தொடங்கவேண்டுமாம். அதற்குள் ஓர் உண்டியல் வாங்கி வையுங்கள். மண் உண்டியலாகப் பார்த்து வாங்குங்கள். உடைத்தால் ஊருக்கே சத்தம் கேட்கும்.

இப்படிக்கு,
லக்கல கடைக்காரன்