நீரோசைத் துயிலும் நிகர நட்டமும்: ஒரு சிற்றாராய்ச்சி

ஓடும் நீரருகே படுத்தால் உறக்கம் வரும் என்பது உலகறிந்தது. அவ்வுறக்கத்தால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பதை மட்டும் முன்னை ஆசிரியர் எவரும் ஆராயாது விட்டனர். அக்குறை போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

நீரோசை துயில் தருவது என்னையெனின், அது செய்தி ஏதும் சொல்லாமையின் என்க. ஒரே சீராய் இரையும் ஓசை, நாய்க் குரைப்பு, லாரி ஹாரன் முதலிய திடீர்ச் சத்தங்களைத் தன்னுள் அமிழ்த்திவிடும். அதே ஓசை நள்ளிரவில் கழிவறைக்கும் எழுப்பும் என்பாரும் உளர். அது வேறோர் ஆய்வேட்டுக்கு உரியது.

ஓடை இல்லா ஊரார் என் செய்வர்? கைபேசியில் ஓடவிடுவர். முதலீட்டாளர் நுழையும் இடம் இதுவே.

ஸ்பாட்டிஃபை, கைபேசிக்குப் பாட்டும் பாட்காஸ்ட்டும் தரும், 2006இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய நிறுவனம். வட்டி பூச்சியத்தை ஒட்டிக் கிடந்தவரை அதன் நட்டக் கணக்கை முதலீட்டாளர் 'வளர்ச்சி' என்றே படித்து மகிழ்ந்தனர். 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியதும் நட்டம் நட்டமாகவே தெரியலாயிற்று. அவ்வாண்டு நிகர நட்டம் 43 கோடி யூரோ. 2023 தொடக்கத்தில் வேல்யூஆக்ட் என்னும் முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கிக்கொண்டு செலவுக் கணக்கைக் கேட்கலாயிற்று. மாமியார் வீட்டோடு வந்து தங்கியதற்கு ஒப்பு.

அந்நேரத்தில் கணக்கர் கண்ணில் பட்டது, நீரோசை போன்ற துயிலூட்டும் இரைச்சல். 2023 ஜனவரியில் இவ்வகைப் பாட்காஸ்ட்களை மக்கள் நாளொன்றுக்கு 30 லட்சம் மணி நேரம் கேட்டனர். அவர்களை வேறு நிகழ்ச்சிகளுக்குத் திருப்பினால் ஆண்டுக்கு 3.5 கோடி யூரோ மொத்த லாபம் கூடும் என்று உள்சுற்று ஆவணம் ஒன்று மதிப்பிட்டதைச் செய்தி நிறுவனமான ப்ளூம்பெர்க் வெளியிட்டது. உறங்குகிறவரைப் படுக்கையில் திருப்பிப் போடலாம். வேறு நிகழ்ச்சிக்குத் திருப்புவது எங்ஙனம்? யோசனை கைவிடப்பட்டது.

பாட்டுப் பிரிவில் நிலைமை இன்னும் சுவையானது. அங்கே 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு, அதற்கு ராயல்டி. ஆகவே இரைச்சலை 30 விநாடித் துண்டுகளாக நறுக்கி ஏற்றினர் சிலர். எட்டு மணி நேரம் உறங்கியவர் 960 கேட்புகளை ஈட்டித் தந்தார். நான்கு நிமிடப் பாட்டுக்குத் தொண்டை கிழியப் பாடியவர்க்கோ அதே இரவில் 120தான். 2024 முதல் இரண்டு நிமிடத்துக்குக் குறைந்த இரைச்சலுக்குப் பணமில்லை, மீதிக்கும் பாட்டின் மதிப்பில் சிறு பங்கே என விதி செய்தனர். அவ்விதிக்கு உட்பட்ட ஓசைகளின் பட்டியலில் மௌனப் பதிவும் உண்டு. மௌனத்துக்கும் விலை குறைத்த கணக்கரை இவ்வாய்வாளர் எழுந்து நின்று வணங்குகிறார்.

அற்றேல், நட்டத்துக்குக் காரணம் நீரோசையோ எனின், அன்று. இசை வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்க்கே போகிறது. அந்த 3.5 கோடியை முழுதாய் மிச்சம் பிடித்திருந்தாலும் 43 கோடிப் பள்ளத்தில் ஒரு மூலைதான் நிரம்பியிருக்கும்.

2023 டிசம்பரில் ஊழியரில் 17 விழுக்காட்டினரைக் குறைத்தனர். 2024இல் முதன்முறையாக முழு ஆண்டு லாபம் கண்டனர்: 114 கோடி யூரோ. ஆய்வின் முடிபாவது, முதலீட்டாளர் நெருக்கடியில் தூக்கம் தொலைத்தவர் ஊழியர், நீரோசை குற்றமற்றது.